ஸ்பானிஷ் வகுப்பில் தொழில்நுட்பம்: புது ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் 12 ஆண்டுகளாக ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். அடுத்த ஆண்டு இதே வேலைக்கு வரப்போகிறவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: எல்லார் கையிலும் குரோம்புக் மடிக்கணினி இருக்கும். எந்த ஆப்பில் தொடங்கலாம்?

ஆப் அப்புறம். முதல் நாள் கீபோர்டைச் சரிசெய்யுங்கள். அமெரிக்க இன்டர்நேஷனல் கீபோர்டுக்கு மாற்றினால், வலப்பக்க ஆல்ட்டோடு 'என்' விசையைத் தட்டியதும் தலையில் வளைகோடு போட்ட 'என்யே' எழுத்து வரும். 'ஆன்யோ' என்றால் ஆண்டு. வளைகோடு விட்டுப்போனால் 'ஆனோ', அதாவது ஆசனவாய். தன் வயதை எழுதும் பிள்ளைக்கு அந்தச் சங்கடம் வேண்டாமே. 1991இல் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி), இந்த எழுத்து இல்லாத கணினிகளையும் ஸ்பெயினில் விற்க வழிவிடச் சொன்னது. ஸ்பெயின் விடவில்லை, 1993இல் சட்டம் போட்டே எழுத்தைக் காத்தது. இந்தக் கதையையும் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

கேள்வி: கஹூட் என்ற வினாடிவினா ஆப் போதுமா?

சொற்களை நினைவுபடுத்தப் பத்து நிமிடம் நல்லது. ஆனால் அதில் யாரும் வாய் திறப்பதில்லை.

கேள்வி: கூச்சப்படும் மாணவர்களைப் பேசவைப்பது எப்படி?

குரல் பதிவுதான் என் பதில். 'போன வார இறுதியில் என்ன செய்தாய்?' என்று செப்டம்பரில் ஒரு நிமிடம் பேசிப் பதியச் சொல்வேன். டிசம்பரில் அதே கேள்வி. இரண்டையும் அவர்களே கேட்கட்டும். 'பெரோ' (ஆனால்), 'பெர்ரோ' (நாய்) இரண்டும் தன் வாயில் ஒன்றாகவே ஒலிப்பதை நான் சொல்வதைவிடத் தன் காதால் கேட்டால்தான் உறைக்கிறது. ஆனால் பள்ளி அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் பிள்ளைகளின் குரலை ஏற்றாதீர்கள்.

கேள்வி: கூகுள் டிரான்ஸ்லேட்டைத் தடுப்பது எப்படி?

தடுக்க முடியாது. வகுப்புக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ'வுக்கு ஸ்பானிஷில் தூ (நெருக்கமான 'நீ'), உஸ்தெத் (மரியாதையான 'நீங்கள்'), வோஸ், வோசோத்ரோஸ், உஸ்தெதெஸ் என்று ஐந்து உண்டு. நீ, நீங்கள் என்று வளர்ந்த நமக்கு இது சட்டெனப் புரியும். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், தோழிக்கு ஒரு கடிதம். இரண்டையும் இயந்திரத்தில் போட்டு, எங்கே மரியாதை தவறியது என்று தேடச் சொல்லுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் புழங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடத்தை இயந்திரமே எழுதினால்?

இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியை முழுவதும் தடைசெய்யலாமா?

மறுபடியும் அதே கேள்வி. முக்கியமான எழுத்துவேலையை வகுப்பில், காகிதத்தில் எழுதவையுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: நீங்கள் பல நாட்டுப் பேச்சையும் கேட்கவைப்பீர்களாமே. பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? ஸ்பெயினில் பேசுவதுதானே தரமான ஸ்பானிஷ்?

இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. ஸ்பானிஷ் பேசுவோர் அதிகமாக வாழும் நாடு மெக்சிகோ. ஸ்பானிஷ் மொழிக்கான மாட்ரிட் அகாதெமியின் அகராதியே இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அகாதெமிகள் சேர்ந்து உருவாக்குவது.

கேள்வி (அவரே): தேர்வுக்கு ஒரே சொல்தானே வேண்டும்?

போர்ட்டோ ரிக்கோ மாணவன் ஒருவன் பேருந்துக்குக் 'குவாகுவா' என்று எழுதியிருந்தான். முதலாண்டு ஆசிரியையான நான் சிவப்பு மையால் அடித்தேன். "எங்க பாட்டி தப்பா பேசுறாங்களா மிஸ்?" என்று கேட்டான். கியூபாவிலும் கனரித் தீவுகளிலும்கூட அது பேருந்துதான், சிலியில் கைக்குழந்தை. அன்றிலிருந்து புதுச்சொல் வரும்போதெல்லாம் ஃபோர்வோ என்ற உச்சரிப்புத் தளத்தைத் திறக்கிறோம். அங்கே ஒவ்வொரு உச்சரிப்போடும் பேசியவரின் நாடும் இருக்கும். எந்தப் பிள்ளையும் குழம்பியதில்லை. தேர்விலும் எல்லா வடிவங்களுக்கும் மதிப்பெண் தருகிறேன்.

கேள்வி: ஆசிரியர் உரிமம் எப்படி வாங்குவது?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலக் கல்வித் துறையைக் கேளுங்கள்.

கேள்வி: மாணவர்களின் வீடியோக்களை யூடியூபில் போடலாமா?

வேண்டாம். குரலுக்குச் சொன்னதுதான் முகத்துக்கும். 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களை இணையத் தளங்கள் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 1998லேயே அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது. உங்கள் மாணவர்கள் அதைவிடப் பெரியவர்களாக இருந்தாலும் பெற்றோரைக் கேளுங்கள்.