குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இந்த வாரம் மலை ரயில்

கேள்வி: கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். மாணவர்கள் 38 பேர், ஆசிரியர்கள் 2 பேர். காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி ஊட்டி போய், பூங்கா, ஏரி, தொட்டபெட்டா மூன்றையும் பார்த்துவிட்டு அன்றைக்கே ரயிலில் திரும்ப முடியுமா? இரவு தங்க பலருக்கும் வீட்டில் அனுமதி இல்லை.
– மாணவி, கோவை

பதில்: முடியாதும்மா. ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும். ஊட்டி போய்ச் சேர மதியம் 12 மணி ஆகிவிடும். கீழே வரும் ரயில் அங்கிருந்து 2 மணிக்குப் புறப்பட்டுவிடும். நடுவில் இருப்பது இரண்டே மணி நேரம், அதில் 40 பேர் சாப்பிட வேண்டும், கை கழுவ வேண்டும், நாலு பேர் ஸ்வெட்டர் கடைக்குள் நுழைந்து காணாமல் போவார்கள், அவர்களைத் தேட வேண்டும். தொட்டபெட்டாவை விடுங்கள், பூங்கா வாசலைப் பார்த்தாலே பெரிய விஷயம்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவர் குழுவை இப்படித்தான் அழைத்துப் போனேன். ஓட்டலில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும் சாப்பாடு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று, பாதிப் பேர் மோர் சாதத்தைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார்கள், ஒரு பையன் ரயிலைத் தவறவிட்டு தனியாக பஸ்ஸில் இறங்கினான். அவன் மேட்டுப்பாளையம் வந்து சேரும் வரை எனக்கு இருந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது. ஊட்டியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அந்தக் குழுவில் ஒருவருக்கும் சொல்ல எதுவும் இல்லை. ரயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசினார்கள்.

அதனால் என் யோசனை ஒன்றுதான், குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள். பல்சக்கரப் பாதை, அதாவது தண்டவாளத்துக்கு நடுவில் பதித்த பற்களைப் பிடித்து வண்டி ஏறும் பகுதி, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் இருக்கிறது, நீராவி இன்ஜினும் குன்னூரோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஊட்டி வரை டீசல் இன்ஜின்தான் இழுக்கும். இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டியதெல்லாம் காலை 10.30 வாக்கில் குன்னூர் வந்து சேரும்போதே முடிந்திருக்கும். பிளாட்பாரத்தில் இன்ஜின் மாற்றுவதை நின்று பாருங்கள், அவசரப்பட வேண்டாம். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சூடாக ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து மேல் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போங்கள். 1874இல் உருவான பூங்கா, பள்ளத்தாக்கின் சரிவை அப்படியே வைத்துக்கொண்டு அமைத்தது, உள்ளே ருத்ராட்ச மரம் இருக்கிறது, கீழே விழுந்து கிடக்கும் காய்களை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும். அதை ஒட்டியே பாஸ்டியர் நிறுவனம், 1907இல் தொடங்கியது, வெறிநாய்க்கடி தடுப்பு மருந்துக்காகவே வந்த இடம். வெளியிலிருந்து பார்த்தாலும் போதும், கூட வரும் ஆசிரியர் பத்து நிமிடம் அதன் கதையைச் சொல்லட்டும்.

ஊட்டியிலிருந்து 2 மணிக்குக் கிளம்பும் ரயில் 3.15 வாக்கில் குன்னூர் வரும். டிக்கெட் இருந்தால் அதில் ஏறுங்கள், 5.30 தாண்டி மேட்டுப்பாளையம். கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம், அரசு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் கீழே வந்துவிடலாம். வழியில் பர்லியாற்றில் பழக்கடைகள் வரிசையாக இருக்கும், சீசனாக இருந்தால் மங்குஸ்தான் வாங்கிக் கொடுங்கள், பல பிள்ளைகள் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஏறும் முன் மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் போய்விட்டு வரட்டும், வழியில் ஹில்குரோவில் வண்டி நிற்கும்போது மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. மாணவிகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் தண்ணீரே குடிக்காமல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து தலைவலியோடு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மலை ரயிலில் எங்கள் பள்ளிக் குழுவுக்கு 30 டிக்கெட் எடுக்கப் போனால் கிடைக்கவே இல்லை. என்னதான் வழி?
– ஆசிரியர், திருப்பூர்

பதில்: ரயிலே சின்னது சார், நாலைந்து பெட்டிதான், அதற்கு நாடு முழுக்க ஆள் காத்திருக்கிறது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது (முன்பு 120 நாள், 2024 நவம்பரில் குறைத்தார்கள்). ஆன்லைனில் ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் போட முடியும், அப்படி ஐந்து தடவை போடுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். பள்ளியின் கடிதத் தாளில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு பெயர்ப் பட்டியலை எழுதி, முன்பதிவு மையத்தில் இருக்கும் மேற்பார்வையாளரை நேரில் பாருங்கள். குழுவாகப் பதிவு செய்ய அனுமதி கேட்க வேண்டிய இடம் அதுதான். சனி, ஞாயிறு, மே மாதம் மூன்றையும் தவிர்த்துவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் ஒரு செவ்வாய், புதன் என்று கேட்டால் வாய்ப்பு அதிகம்.

அப்படியும் கிடைக்கவில்லையா? பஸ்ஸில் குன்னூர் போய், குன்னூர் – ஊட்டி ரயிலில் ஏறுங்கள். அது ஒரு நாளைக்குப் பல தடவை ஓடுகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரும் ஸ்டேஷன் பெயர்களைப் பிள்ளைகள் கத்திப் படித்துக்கொண்டே வருவார்கள். கேத்திப் பள்ளத்தாக்கு ஜன்னலில் விரியும்போது வண்டிக்குள் சத்தம் தானாக அடங்கும். பல்சக்கரம் இல்லைதான், ஆனால் ஒன்றுமே இல்லாமல் திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

தனி வேன் எடுத்துப் போனால் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எப்படிப் போனாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு போகாதீர்கள், நீலகிரியில் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

கேள்வி: நவம்பரில் போகலாமா? விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: போகலாம், ஆனால் நம்பிப் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழைதான் குன்னூர்ச் சரிவில் அதிகம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே இரவு மழையில் பாறை தண்டவாளத்தில் வந்து உட்கார்ந்துவிடும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் வண்டியை நாள் கணக்கில் நிறுத்திவிடுவார்கள். ரயில்வேயே ரத்து செய்தால் ஆன்லைன் டிக்கெட் பணம் தானாகத் திரும்பி வரும், ஆனால் பிள்ளைகளின் ஏமாற்றத்துக்கு யார் பதில் சொல்வது. மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும், அதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கேள்வி: கொடைக்கானலுக்கு இப்படி ஒரு ரயில் இல்லையா? ‘கொடைக்கானல் ரோடு’ என்று ஸ்டேஷன் இருக்கிறதே!
– மாணவர், திண்டுக்கல்

பதில்: பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய, தம்பி. அது அம்மையநாயக்கனூரில், சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கொடைக்கானல் மலையில் ஏறும் ரயில் கிடையாது, பஸ்தான்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்துதான் மலை ரயில் கிளம்புகிறது, தினமும் அதன் சத்தம் கேட்டுத்தான் எழுகிறேன். இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது? அந்தப் பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது? அடுத்த மாதம் வகுப்போடு முதல் தடவை போகப் போகிறேன்.
– பத்தாம் வகுப்பு மாணவன், மேட்டுப்பாளையம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் மலை ரயிலை எடுத்துக்கொண்டேன், கண்ணா.

செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவு ஏற்றத்தில் பிடிக்காது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு சீப்பை எடுத்து ஒட்டி வைத்துப் பார், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி. அப்படித்தான் அந்தப் பட்டைகளும் இருக்கின்றன. இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். இன்ஜினில் நாலு சிலிண்டர். இரண்டு, சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். அங்கே வேலை செய்துவிட்டு வரும் நீராவியே அடுத்த இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை.

பின்னால் இருப்பது பாதுகாப்புக்காக. மேலே ஏறும்போது பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் இன்ஜின் நின்று தள்ளுகிறது, கொக்கி கழன்றாலும் பெட்டி தனியே உருண்டு போகாது, இன்ஜின் மேலேயே சாய்ந்து நிற்கும். ஆனால் தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத் திறந்த மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அது கை மாறிக் கை மாறிப் பின்னால் இன்ஜினுக்குப் போகும். அவர் கையைக் கவனித்துப் பார், ஒரு கை பிரேக் சக்கரத்தை விட்டு அகலவே அகலாது. மழையோ வெயிலோ மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே நிற்கிறார். இறங்கும்போது அவருக்கு ஒரு வணக்கம் சொல்லு.

மலைக்கு ரயில் என்ற யோசனை 1854இலேயே வந்துவிட்டது, குன்னூர் வரை வண்டி ஓடியது 1899இல், ஊட்டி வரை 1908இல். குன்னூர் வருவதற்கே நாற்பத்தைந்து வருடம் ஆகி, நடுவில் ஒரு கம்பெனி நொடித்துப்போய், அப்புறம் முடித்த வேலை. 16 குகை, 250 பாலம், 46 கிலோமீட்டர். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. சுவிட்சர்லாந்தில் செய்த இன்ஜின்கள் இந்தப் பாதையில் வெகுகாலம் ஓடின, அதே வகை இன்ஜினைப் பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே செய்து கொடுத்தார்கள். உன் வயதுப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

கல்லாறு தாண்டியதும் வண்டி வேகத்தைக் குறைக்கும், அடியில் ‘கட கட கட’ என்று ஒரு சத்தம் தொடங்கும், உள்ளங்காலில் அதிர்வு தெரியும். பல்லில் பல் கோத்துக்கொண்டது அப்போதுதான். அந்த நேரம் பேச்சை நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுக்கொள். ஜன்னலுக்கு வெளியே தலையையோ போனையோ நீட்டாதே, குகைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் வரும். பாதி வழியில் எதிர்ப்பக்கத்து நண்பனோடு இடத்தை மாற்றிக்கொள், அவனும் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும்போது இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார், தின்பண்டத்தை மட்டும் பைக்குள் வைத்துவிடு, அங்கே குரங்குகள் உனக்கு முன்னாலேயே இறங்கி நிற்கும்.