விறகில் ஓடும் நீராவி இன்ஜின் வைத்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் செய்யாதீர்கள்.

அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். இந்தக் கேள்வி என் பிழைப்பைத் தொட்டுவிட்டது.

கேட்டவர் மானாமதுரைப் பக்கம் நிலம் வாங்கியிருக்கிறாராம். வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் தற்சார்பாக வாழப் போகிறார். நிலமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி எரித்து, நீராவி இன்ஜினில் டைனமோ ஓட்டினால் மின்வாரியத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாமே என்று கேட்கிறார். வேறு எரிபொருள் யோசனை இருந்தாலும் சொல்லச் சொல்கிறார். வயது முப்பதை ஒட்டி இருக்கும், கம்ப்யூட்டர் வேலை, பழைய கேஸ் சிலிண்டரில் குழாய் வைத்து சக்கரம் சுற்றவிடும் வீடியோ ஏதோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது என் ஊகம். தப்பாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி.

நான் ஆரணிப் பக்கம் நெல் அவிக்கிற ரைஸ்மில்களில் பாய்லர் பார்த்தவன். இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் வைத்திருக்கிறேன். எஞ்சினியர் இல்லை. நான் சொல்லும் கணக்கில் பிசகு இருந்தால் எஞ்சினியர்கள் தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் ஒரு ராத்திரி பாய்லர் முன்னால் உட்கார்ந்து எழுந்த பிறகு திருத்துங்கள்.

முதலில் விறகுக் கணக்கு. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில், மின்சார அளவில் சொன்னால், சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். சின்ன பாய்லர், சின்ன இன்ஜின், அதில் மாட்டிய ஆல்டர்னேட்டர் எல்லாம் சேர்ந்து அதில் நூற்றுக்கு 5 பங்கு கையில் கொடுத்தாலே பெரிய விஷயம். மிச்சம் எங்கே போகிறது? ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர சுமார் 70 கிலோ கலோரி போதும். அந்தக் கொதித்த தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோ கலோரி வேண்டும். இன்ஜினைத் தள்ளிவிட்டு வெளியே போகிற ஆவி அந்த 540-இல் பெரும்பகுதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். பெரிய அனல் மின் நிலையங்கள், அவ்வளவு பெரிய டர்பைனும் கண்டென்சரும் வைத்துக்கொண்டு, நூற்றுக்கு 35 பங்கை ஒட்டித்தான் எடுக்கின்றன. நம் கொட்டகையில் என்ன வந்துவிடும்?

ஆக ஒரு யூனிட்டுக்கு 5 கிலோ விறகு. ஃபிரிட்ஜ், மிக்சி, ஃபேன் என்று தினம் 5 யூனிட் என்றால் 25 கிலோ. வருஷத்துக்கு 9 டன். இதை வெட்டி, முள் கழித்து, பிளந்து, மழையில் நனையாமல் காயவைத்து அடுக்க வேண்டும். சீமைக்கருவேல முள் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்த 5 யூனிட்டைக் கூரையில் ஒன்றே கால் கிலோவாட் சோலார் பலகை சும்மா கிடந்தே கொடுத்துவிடும்.

"அப்படியானால் உங்கள் மில்லில் மட்டும் எப்படி?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சொல்கிறேன். எங்களுக்கு வேண்டியது சூடு. நெல்லை ஊறவைத்து அவித்தால்தான் புழுங்கல் அரிசி. அவிக்க ஆவி, காயவைக்க ஆவி. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அது மில்லிலேயே விழுகிறது, அதையே எரிக்கிறோம். என் அப்பா காலத்து மில்லில் மார்ஷல் கம்பெனி இன்ஜின் ஒன்று இருந்தது. பெல்ட் போட்டு மில் மொத்தத்தையும் ஓட்டும், வெளியே வருகிற ஆவி வீணாகாமல் நெல் தொட்டிக்குப் போகும். கரும்பு ஆலைகளிலும் இதே கதைதான். சக்கையை எரித்து ஆவி எடுத்து, டர்பைன் ஓட்டிவிட்டு, அந்த ஆவியிலேயே சாறும் காய்ச்சுகிறார்கள். சூடும் சுழற்சியும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் நீராவியை அடிக்க ஆளில்லை. உங்களுக்கு டியூப்லைட் எரிய வேண்டும், அவ்வளவுதானே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பாய்லருக்கு ஆள் வேண்டும். அடுப்பில் பாலை வைத்தவள் வாசலுக்குப் போக முடியாது என்பார்களே, அதே நிலைமை. விறகு தள்ளவேண்டும், தண்ணீர் மட்டம் பார்க்கவேண்டும், பிரஷர் பார்க்கவேண்டும், அவ்வப்போது அடியில் வால்வைத் திறந்து சேற்றை விரட்டவேண்டும். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம், குழாயெல்லாம் உப்பு படிந்து சூடு ஏறாது. தற்சார்பு என்று கிளம்பி, ஒரு இரும்புத் தொட்டிக்குக் காவல்காரனாக ஆகிவிடுவீர்கள்.

ஒரு மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்ட இரண்டு கண்ணாடிக் குழாய் இருக்கவேண்டும். அங்கே ஒன்று உடைந்து, அதன் கார்க்கை (திறந்து மூடும் திருகு) பூட்டிப் பல வாரம் ஆகியிருந்தது. கேட்கும்போதெல்லாம் "வாங்கிடலாம் வாங்கிடலாம்" என்பார் முதலாளி. ராத்திரி ஷிப்ட். தொட்டி நிறைய நெல். எனக்கு உதவிக்கு ஒரு பையன். நான் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தபோது, "தண்ணி நெறைய இருக்குதுண்ணா" என்றான். பார்த்தேன். கண்ணாடியில் முக்கால் வரை தண்ணீர் நின்றது.

நின்றது. அதுதான் எனக்கு இடித்தது. ஓடுகிற பாய்லரில் கண்ணாடித் தண்ணீர் சும்மா நிற்காது, நுனியில் சிலுசிலுவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அது ஆடவே இல்லை. மேல் கார்க்கை மூடிவிட்டு அடிக் குழாயைத் திறந்தேன். பாய்லரிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரவேண்டும். கண்ணாடியில் இருந்தது மட்டும் வடிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. கீழ் வழி சேற்றில் அடைத்திருக்கிறது. மேலே இருந்து வந்த ஆவி குளிர்ந்து கண்ணாடியில் தண்ணீராக நிரம்பி, மட்டம் இருப்பது போல ஏமாற்றிக்கொண்டிருந்தது. உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது.

பையன் ஓடிப்போய் பம்ப் சுவிட்சில் கை வைத்துவிட்டான். தண்ணீர் குறைந்தால் தண்ணீர் விடத்தானே எல்லோருக்கும் தோன்றும். கத்தினேன், கையைத் தட்டிவிட்டேன். பாய்லருக்குள் நெருப்பு போகிற குழாய்கள் தண்ணீருக்கு வெளியே வந்து சிவக்கப் பழுத்திருந்தால், அதன்மேல் தண்ணீர் பட்ட நொடியில் ஆவி வெடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். உமி விழுவதை நிறுத்தினேன், ஊதுகிற ஃபேனை நிறுத்தினேன், புகைபோக்கிக் கதவை மூடினேன், அடுப்பில் ஈரச் சாம்பலை வாரிப் போட்டு அணைத்தோம். பம்பைத் தொடவே இல்லை. தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டு, எல்லோரையும் களத்துக்குத் துரத்தினேன்.

ஆறின பிறகு பாய்லரின் மேன்ஹோலைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தோம். மேல் வரிசைக் குழாய்களில் உப்பு வெள்ளை வெளேரென்று காய்ந்து ஒட்டியிருந்தது. இதற்கு முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "அரைவேக்காட்டில் நின்ற நெல்லுக்கு யார் பதில் சொல்வது?" சம்பளத்தில் பிடித்தார். கண்ணாடி மட்டும் மறுநாளே வந்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பார்கள். ஸ்பிரிட் விளக்கில் ஓடும் மேஜை மேல் மாடல் இன்ஜின் செய்கிறவர்களை நான் சொல்லவில்லை, அது நல்ல பொழுதுபோக்கு, என் பேரனுக்கே வாங்கிக் கொடுப்பேன். வீட்டுக்கு விளக்கெரிக்கிற அளவு பாய்லரைப் பற்றித்தான் பேச்சு. அது சட்டத்துக்குள் வரும். 25 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாத அழுத்தம் என்றால் பதிவு, ஆய்வு, சான்றிதழ் உள்ள ஆள் எல்லாம் வேண்டும். 1923-ம் ஆண்டிலிருந்து இருந்த சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. "24 லிட்டரில் செய்தால்?" என்று கேட்கும் கெட்டிக்காரர்களுக்கு: சட்டம் வராது, ஆவி வரும். 7 கிலோ பிரஷரில் தண்ணீர் 170 டிகிரியில் இருக்கும். கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டிய வெல்டிங் அதைத் தாங்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

சான்றிதழ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒருவர் வந்தார். "நீங்க வரவே வேணாம் பெரியவரே, உங்க சான்றிதழை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டிக்கிறோம், மாசாமாசம் ஒரு தொகை அனுப்பிடறோம்" என்றார். பாய்லர் முன்னால் நிற்கப்போவது எதுவும் தெரியாத ஒரு வெளியூர்ப் பையன். வெடித்தால் செத்துப்போவது அவன், பேப்பரில் என் பெயர். வெளியே போகச் சொன்னேன். இப்போது அந்தச் சுவரில் யாருடைய சான்றிதழ் தொங்குகிறதோ. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களை "அடுப்பு தள்ளுறவங்க" என்பார்கள். தேர்வில் உட்கார்ந்து, வாய்மொழிக் கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய காகிதம் அது. சரி, விடுங்கள்.

வேறு எரிபொருள் கேட்டிருந்தீர்கள். மாடு வளர்ப்பீர்கள் என்றால் சாண எரிவாயுதான் என் முதல் யோசனை. நான்கைந்து மாடு, தினம் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர், 2 கன மீட்டர் கலன். ஒரு குடும்பத்துச் சமையல் நடக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு சிலிண்டர் மிச்சம். போளூரில் என் தங்கச்சி வீட்டில் இரும்பு டிரம் மிதக்கிற மாடல் இருந்தது. நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் அந்த வாயுவில் இருக்கிற கந்தகம் இரும்பைத் தின்றுவிடும். "அண்ணா, டிரம்மு ஓட்டை" என்று போன் வந்தபோது போய்ப் பார்த்தால் பெயிண்ட் அடித்தே வருஷக்கணக்காகி இருந்தது. நீங்கள் செங்கல் குவிமாடம் வைத்த தீனபந்து மாடல் கட்டுங்கள், வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து. குவிமாடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கேஸ் நிற்காது. வெளியே வரும் கரைசல் அப்படியே வயலுக்குப் போகும், அதை நான் கேஸைவிடப் பெரிய லாபமாகச் சொல்வேன்.

கரிவாயு என்று ஒன்று உண்டு, கரியையோ விறகையோ அரைகுறைக் காற்றில் எரித்தால் வருகிற வாயு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊர்களில் பஸ் ஓடியது இதில்தான். பின்னால் உருளை, அதில் கரி, கிளம்புமுன் ஒரு ஆள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஏற்றுவான், மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும் என்று என் தாத்தா சொல்லுவார். பீகாரில் 2007-இல் தம்குஹா என்ற ஊரில் உமியை இப்படி வாயுவாக்கி இன்ஜின் ஓட்டிக் கிராமத்துக்கே விளக்குப் போட்டார்கள். உமி கையில் இருந்தும் அவர்கள் நீராவிப் பக்கம் போகவில்லை, கவனியுங்கள். பின்னால் அவர்களே சோலாருக்கும் வந்துவிட்டார்கள். வாயுவில் தார் வரும், வடிகட்டியைச் சுத்தம் செய்தே கை கறுத்துவிடும். அதைவிட, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையே இருக்காது. மூடின கொட்டகையில் ஓட்டினால் தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். மூலிகை பெட்ரோல் பற்றிக் கீழே யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், 1996-இல் செடியிலிருந்து பெட்ரோல் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஊரே ஆடியதைப் பார்த்தவன் நான்.

மின்சாரத்துக்குச் சோலார் போடுங்கள். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, ஆனால் அது மின்வாரிய இணைப்போடு சேர்ந்த அமைப்புக்குத்தான். கும்பிடு போடுகிற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று இலவசமாகவும் வருகிறதே.

அந்தச் சீமைக்கருவேலத்தை நீங்கள் வெட்டி மாரடிக்க வேண்டாம். உங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் நிறைய உண்டு. அவர்களே ஆள் கொண்டுவந்து வெட்டி, மூட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டு விலை முடிக்காதீர்கள், தூரோடு தோண்டி எடுக்கவேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி தழைத்துவிடும்.