வீட்டு ரவுட்டரில் டோர் ஓட்ட என்ன ஹார்டுவேர் வேண்டும்?

இணையப் போக்குவரத்தைக் குறியாக்கி, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் (ரிலேக்கள்) வழியாகச் சுற்றி அனுப்பி, நீங்கள் யார் என்பதை மறைக்கும் டோர் (Tor) நிரலை ரவுட்டரிலேயே போட்டுவிட்டால் வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களும் அதன் வழியாகப் போகும், அதற்கு எவ்வளவு ரேம், எந்த பிராசசர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற ரவுட்டர் இயங்குதளத்தை ஏற்றக்கூடிய ரவுட்டர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ரேம். வெறும் கிளையண்டாக, அதாவது உங்கள் போக்குவரத்தை மட்டும் அனுப்ப ஓடினாலும், பல ஆயிரம் ரிலேக்களின் பட்டியலையும் அவற்றின் சாவிகளையும் டோர் கையிலேயே வைத்திருக்கும். 64 எம்பி ரேம் உள்ள பழைய ரவுட்டரில் டோர் தொடங்கும், நூறு சதவீதம் இணைந்துவிட்டதாகவும் காட்டும். இரண்டு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கும்போதுதான் சிக்கல். விளக்கெல்லாம் ஒழுங்காக எரியும், நெட் மட்டும் வராது. லாகைத் திறந்தால், நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் மையமான கெர்னலே டோரை நிறுத்திக் கொன்றிருக்கும். 128 எம்பி இருந்தால் சமாளிக்கலாம், 256 இருந்தால் நிம்மதி. 4 எம்பி ஃபிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு), 32 எம்பி ரேம் கொண்ட பெட்டிகளை மறந்துவிடுங்கள். 19.07 பதிப்போடு ஓப்பன்டபிள்யூஆர்டியே அவற்றைக் கைவிட்டுவிட்டது.

அடுத்தது ஃபிளாஷ். நிரலுக்கும் அதற்கு வேண்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்துக்கும் சேர்த்துச் சில எம்பி போதும் என்பதால், 16 எம்பி இருந்தாலே போட்டுவிடலாம். ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டோர் தன் தரவை வைக்கும் வார் (/var) கோப்புறை, ஓப்பன்டபிள்யூஆர்டியில் உண்மையில் ரேமில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் அதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். பட்டியலை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், அதனால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம், எந்த கார்டு (guard) ரிலேயை, அதாவது நாம் முதலில் இணையும் ரிலேயைப் பிடித்திருந்தோம் என்ற குறிப்பும் கூடவே போய்விடுவது. உங்கள் முதல் தாவலுக்கு ஒரே ரிலேயை மாதக்கணக்கில் பிடித்துக்கொள்வதுதான் டோரின் பாதுகாப்பில் பாதி. ஒவ்வொரு ரீபூட்டுக்கும் புது கார்டு என்றால், என்றைக்காவது ஒரு நாள் கண்காணிப்பவனின் ரிலேயிலேயே போய் விழ வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே யூஎஸ்பி போர்ட் உள்ள ரவுட்டராகப் பார்த்து, ஒரு பென்டிரைவுக்குத் தரவுக் கோப்புறையை மாற்றிவிடுங்கள். எனக்கு யூஎஸ்பி போர்ட், கூடுதல் கோர்களைவிட முக்கியம்.

சரி, பிராசசர். பெட்டியில் 1200, 1800 என்று போட்டிருப்பது வைஃபை எண், பிராசசரின் வேகமல்ல. சாதாரணமாக ரவுட்டர் கிகாபிட் வேகம் தருகிறது என்றால், பெரும்பாலும் பாக்கெட்டுகளை அதிலுள்ள தனி வன்பொருள் தள்ளிவிடுகிறது, சிபியு அதிகம் தொடுவதில்லை. டோர் வந்தால் ஒவ்வொரு பைட்டும் சிபியு வழியாகத்தான் போகும். அதுவும் மூன்று ரிலேக்களுக்கு மூன்று அடுக்கு ஏஇஎஸ் குறியாக்கம், அதற்கு மேல் டிஎல்எஸ் என்ற குறியாக்கம் ஒன்று. இந்த வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில் நடப்பதால், நான்கு கோர் இருந்தாலும் நான்கு மடங்கு வேகம் வராது. ஒரு கோர் எவ்வளவு வேகம், ஏஇஎஸ்ஸை விரைவாகச் செய்யும் தனிக் கட்டளைகள் அதற்கு உண்டா என்று மட்டும் பாருங்கள். ரவுட்டரின் சிபியுஇன்ஃபோ (/proc/cpuinfo) கோப்பில் ஃபீச்சர்ஸ் (Features) வரியில் ஏஇஎஸ் என்று இருந்தால் உண்டு. பல ரவுட்டர்களில் இருக்கும் மீடியாடெக் எம்டி7621, 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மிப்ஸ் சிப். அதில் அந்தக் கட்டளைகள் கிடையாது. உலாவ, மெயில் பார்க்கப் பரவாயில்லை. வேகமான ஃபைபர் இணைப்பை அது நிரப்பாது. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியிலும் அந்தக் கட்டளைகள் இல்லை என்றாலும் கோர் வேகமானது, வீட்டுக்குப் போதும். பை 5-இல் அவை இருக்கின்றன.

இன்னொரு சின்ன விஷயம், பெரும்பாலான ரவுட்டர்களில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இருக்காது. நேரம் தப்பாக இருந்தால் டோர் இணையாது. நேரம் சரிசெய்யும் என்டிபி, டோருக்கு வெளியே நேராகப் போகும்படி விட்டுவையுங்கள்.

மற்றவர்களின் போக்குவரத்தைக் கடத்தும் ரிலேயாகவும் ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். ரவுட்டரில் வேண்டாம். நொடிக்கு 40 மெகாபிட்டுக்குக் குறைவான ரிலேக்கே 512 எம்பி ரேம் என்கிறது டோர் திட்டம். குறைந்தது 7,000 இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கவும் வேண்டும். எந்த இணைப்பு எந்தச் சாதனத்துக்கு என்று வீட்டு ரவுட்டர் வைத்திருக்கும் நாட் (NAT) அட்டவணை அதற்கு முன்பே திணறிவிடும். ரிலேயின் ஐபி பொதுப் பட்டியலில் வருவதால், சில தளங்கள் உங்கள் வீட்டு இணைப்பையே தடுத்தும் வைக்கும். உதவ ஆசை என்றால் டோர் தடுக்கப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் உங்கள் வழியாக அதில் இணைய உதவும் ஸ்னோஃப்ளேக் (Snowflake) நீட்சியைக் கணினி பிரவுசரில் போடுங்கள்.

ஹார்டுவேர் சரியாக இருந்தாலும், வீட்டையே டோருக்குள் தள்ளும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. பிரவுசரில் ஜிமெயில் திறந்திருந்தால் நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும், குக்கீயையும் பிரவுசரை அடையாளம் காட்டும் அதன் அமைப்பு விவரங்களையும் (கைரேகை) ரவுட்டரால் மறைக்க முடியாது. நேரடி அழைப்புகள் பயன்படுத்தும் யூடிபி வகைப் போக்குவரத்தை டோர் கொண்டுபோகாது என்பதால் வீடியோ அழைப்பும் விளையாட்டும் தகராறு செய்யும். அந்த இணைப்பில் டோர் பிரவுசரைத் திறந்தால் டோருக்குள் டோர் ஆகிவிடும், அதைச் செய்ய வேண்டாம் என்று டோர் திட்டமே சொல்கிறது. நான் என்றால் ரவுட்டரைத் தொடாமல், பின்னால் ஒரு ராஸ்பெரி பை அல்லது பழைய மடிக்கணினியை வைத்து, அதில் டோர் வழியாக மட்டும் போகும் தனி வைஃபை பெயர் ஒன்றைக் கொடுப்பேன். அதில் பிரவுசரே இல்லாத சாதனங்களை மட்டும் இணைப்பேன். பிரவுசிங்குக்கு அந்தந்தக் கணினியில் டோர் பிரவுசர் போதும், அதற்கு எந்த ரவுட்டரும் சரிதான்.