‘பழுது சரிசெய்யப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது, போன் வேலை செய்யவில்லை

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பும் அதோடு சேர்ந்த லேண்ட்லைன் போனும் இருக்கின்றன. நான்கு மாதமாகக் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது. சில நாள் டயல் டோனே இல்லை. மாமனார் இதய நோயாளி, செல்போன் பழக்கமில்லை. அவருக்கு இந்தப் போன்தான் துணை. என் தையல் ஆர்டர்களும் இதில்தான் வருகின்றன. புகார் கொடுத்தால் ஆள் வராமலே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது. ஒருமுறை வந்தவரும் “உங்க வைஃபைதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பில் கட்டுவதை நிறுத்தலாமா? வழக்குப் போட முடியுமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பில்லை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இணைப்பைத் துண்டித்து, உங்களையே பாக்கிக்காரர் ஆக்கிவிடுவார்கள். ‘சேவை சரியில்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

வழக்குப் போடலாம். ஆனால் “உங்க வைஃபைதான் பிரச்சினை” என்று அவர் சொன்னதுதான் நாளை நிறுவனத்தின் பதில் மனுவாக வரும். அதற்கு இப்போதே வழியடைத்துவிடுங்கள். போனை வேறு ஒயர், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் நேரடியாக, ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டியில் செருகிப் பேசிப் பாருங்கள். முடிந்தால் வேறொரு போனையும் மாட்டிப் பாருங்கள். வீட்டில் யாராவது பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் குரல் உடைகிறதா, எல்லாவற்றையும் நிறுத்தியபிறகும் உடைகிறதா என்று கவனியுங்கள். ஒரு லேப்டாப்பை வைஃபை இல்லாமல் லேன் கேபிளில் இணைத்து வேகம், பிங் (இணைப்பு எவ்வளவு தாமதமாகப் பதில் தருகிறது என்ற அளவு) இரண்டையும் சோதனை செய்து, தேதி நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். கேபிள் உங்கள் வீட்டுக்குள் அறுந்து மடங்கியிருக்கவில்லை என்றால், அதை வைஃபை தலையில் கட்ட முடியாது. உடனே வீடியோ எடுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இந்தப் போன் உங்கள் வீட்டுக் கரண்டில் ஓடும் பெட்டியை நம்பியிருக்கிறது. கரண்ட் போகும்போது மட்டும் செத்துப்போனால் அதைச் சேவைக் குறைபாடு என்று வாதாடுவது கடினம். வீட்டில் இதய நோயாளி இருக்கிறார். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இன்றே வாங்குங்கள். அவசரத்துக்குப் பட்டன் செல்போன் ஒன்றையும் அவர் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) கேட்டு வாங்குங்கள். பழுது தீராமலே முடித்துவைத்தால், அன்றே ‘யாரும் வரவில்லை, பழுது தீரவில்லை’ என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். மறுப்பில்லாத எஸ்எம்எஸ் அவர்களுக்குச் சாட்சி. மறுப்போடு இருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி. ஆள் வந்தால், என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள்.

புகார் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி இதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேரடியாக எழுதிப் பலர் ஏமாறுகிறார்கள், அது தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. பழுது 3 நாளுக்கு மேல் நீடித்த தடவைகளைத் தனியே குறித்து, கட்டணக் கழிவும் கேளுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். டெலிபோன் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் செல்லாது என்று 2009-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இன்னும் சிலர் காட்டுவார்கள். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பு என்ற சொல்லே சேவைகளின் பட்டியலில் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில்லில் பெயருள்ள நிறுவனம், இணைப்புக் கொடுத்த உள்ளூர் ஏஜென்சி இரண்டையும் எதிர்தரப்பில் சேருங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஸ்கிரீன்ஷாட், வீடியோவுக்கு, 2023-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழை இணையுங்கள்.

தையல் தொழிலைக் காட்டி ‘இது வணிக உபயோகம், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று நிறுவனம் வாதிடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வதைச் சட்டம் வணிகமாகக் கருதவில்லை. மனுவிலேயே அதை எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

எவ்வளவு கேட்பது? வேலை செய்யாத நாட்களின் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. கைவிட்டுப்போன ஆர்டர்களுக்கு, வாடிக்கையாளரின் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் மட்டும் கேளுங்கள். ஆதாரமில்லாமல் லட்சங்களில் கேட்டால் உண்மையான குறையும் மிகைபோலத் தெரியும்.

பணத்தைவிடப் போன் ஒழுங்காக வேலை செய்வதுதான் முக்கியம் என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் பற்றி விசாரியுங்கள். தொலைபேசி அதன் வரம்புக்குள் வரும் பொதுப் பயன்பாட்டுச் சேவை. முதலில் சமரசம் பேசுவார்கள். படியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். அங்கே மனு கொடுத்தபின் இதே பிரச்சினையை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் எந்த வழி என்று முடிவு செய்துவிட்டு மனுவில் கையெழுத்திடுங்கள்.