வெள்ளைக் கொக்குகளில் எது எது?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் மேயும் வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் காலைப் பாருங்கள். கறுத்த கால்களில் மஞ்சள் விரல்களும் கரிய அலகும் இருந்தால் அது சின்னக் கொக்கு. ஆனால் சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது என்பதால், அது காலைத் தூக்கும்வரையோ பறந்தெழும்வரையோ பொறுத்திருக்க வேண்டும். மாடுகளின் பின்னே நடக்கும், மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் கொண்டது உண்ணிக்கொக்கு. கூடு கட்டும் பருவத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகிவிடுவதால் ஐயமே எழாது.

உண்மையான சிக்கல் நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் இடையில்தான். இரண்டின் மஞ்சள் அலகும் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும் என்பதால் நிறத்தை நம்புவதில் பயனில்லை. தனியே நிற்கும் பறவையின் உயரத்தையும் நான் நம்புவதில்லை. வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்கு நேர்கீழே முடிந்தால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு. இதற்கு இருநோக்கி அவசியம்.

பழகிக்கொள்ள, சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு மழைக்காலத்துக்குப் பின் சென்று வாருங்கள். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். கரையில் நீங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.