‘ஓக்’ என்று விற்கும் பலகையில் வில் செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பள்ளியில் வில்வித்தை பழகுகிறாள். வீட்டில் பழக ஒரு மரவில் செய்து தரலாம் என்றிருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் ஓக் பலகையில் செய்கிறார்கள். இங்கே மரக்கடையில் 6 அடி ஓக் பலகை இருக்கிறது என்கிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போன மழைக்குச் சாய்ந்த மரமும் கிடக்கிறது. எதை எடுப்பது? – கோத்தகிரி வாசகர்

பதில்: உங்கள் ஊர்க் கடையில் ‘ஓக்’ என்று சொன்னால் அது சில்வர் ஓக். தேயிலைக்கு நிழல் தருவதற்காக நட்ட ஆஸ்திரேலிய மரம். நிஜ ஓக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அறுத்த முகத்தில் வெள்ளிப்பூ மாதிரி மினுமினுப்பு இரண்டிலும் தெரியும். வியாபாரிக்கு அது போதும். வீடியோவில் வருகிற சிவப்பு ஓக் கனமான, இழுவை தாங்கும் மரம். அதன் அளவுகளை அப்படியே சில்வர் ஓக்கில் இழைத்தால் நாண் ஏற்றும்போதே கூன் விழும், இல்லையென்றால் ஒடியும்.

பில்லில் ‘ஓக்’ என்று எழுதாமல் மரத்தின் முழுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் தரமாட்டார்கள். சிமென்ட் மூட்டையில்கூட என்ன ரகம் என்று அச்சடிக்க வேண்டியிருக்கிறது. மரத்துக்கு மட்டும் வாய்ச்சொல்தான் கணக்கு.

பெயரைவிட நார் ஓடும் விதம்தான் முக்கியம். வில்லை இழுக்கும்போது அம்பு போகும் பக்கத்து முகம், அதாவது முதுகு, இழுபடும். உங்களைப் பார்க்கிற முகம், அதாவது வயிறு, நசுங்கும். முதுகில் நார் பாதியில் வெளியே ஓடிவிட்டால் அந்த இடத்தில்தான் சிலாம்பு கிளம்பும். அகல முகத்தில் ரேகை நேராக இருக்கிறது என்று பலகையை வாங்கிவிடுகிறார்கள். பக்கத்து ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இரண்டு முகத்திலும் ரேகை ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஓட வேண்டும். சந்தேகம் இருந்தால் இழைத்த இடத்தில் ஒரு சொட்டு பேனா மை விடுங்கள். மை நார் போகிற திசையில் நீளும். அது சாய்ந்து நீண்டால் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கணு இருந்தால் கைப்பிடிக்குள் வரும்படி பாருங்கள். வளைகிற பாகத்தில் கூடாது.

கடைக்காரரிடம் அதே பலகையின் வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஓரடி நீளம், 4 நூல் அகலம், 2 நூல் கனத்துக்கு (8 நூல் ஓர் அங்குலம்) இழைத்து மெதுவாக ஒடியுங்கள். நீள நீளமாக நார் பிரிந்து, பிய்ந்தும் பியாமலும் தொங்கினால் மரம் நல்லது. ஊட்டி கேரட் மாதிரி படக்கென்று இரண்டானால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். ‘பழைய பங்களா மரம், நூறு வருஷம் காய்ந்தது’ என்று கூடுதல் விலை சொல்லும் கட்டைகள் பல இந்தச் சோதனையில்தான் தோற்கும். கூரையில் பாரம் சுமப்பது வேறு, வளைந்து நிமிர்வது வேறு. தேக்கும் அப்படித்தான்: உளுக்காது, முறுக்காது, ஆனால் அதிர்ச்சி தாங்குவதில் சுமார். கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில், நார் முறுக்கிக்கொண்டு ஓடும், காயும்போதே வெடிக்கும். தொடவேண்டாம்.

அதற்காக சில்வர் ஓக்கே ஆகாது என்று சொல்லமாட்டேன். உங்கள் மகளுக்கு 15 பவுண்டு இழுவைக்கு (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம்) மேல் தேவையில்லை. அந்த அளவுக்கு, மேலே சொன்ன சோதனைகளில் தேறிய பலகை போதும், அகலத்தையும் நீளத்தையும் கூட்டினால். நீளம் 64 அங்குலம். நடுவில் 8 அங்குலம் வளையாத கைப்பிடி. அங்கே மட்டும் இன்னொரு கட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடியிலிருந்து வில்லின் கையில், அதாவது இருபுறமும் வளைகிற பாகத்தில், பாதித் தூரம் வரை 2 அங்குல அகலம், பிறகு நுனியில் 4 நூலுக்குக் குறுகட்டும். கனத்தை 6 நூலில் தொடங்கி, வளைவைப் பார்த்துப் பார்த்து வயிற்றுப் பக்கத்தில் மட்டும் இழையுங்கள். முதுகில் இழைப்புளி படக்கூடாது. அங்கே பருத்தித் துணியை மரப்பசையால் ஒட்டி இரண்டு நாள் காயவிடுங்கள். 12 வயதுக்கு ஏறக்குறைய 22 அங்குல இழுப்பு வரும். அதற்குமேல் எவரும் இழுக்கக்கூடாது. இந்த வில்கள் பிள்ளைகள் கையில் ஒடிவதில்லை. ‘எப்படி வந்திருக்கிறது பார்ப்போம்’ என்று அப்பா 28 அங்குலம் இழுக்கும்போதுதான் ஒடியும்.

பெரியவர்களுக்கான வில் என்றால் கல்மூங்கில் அல்லது சடச்சி. மூங்கில் மூன்று வருஷம் முற்றியதாக இருக்கட்டும்: தோலில் வெள்ளைப் பொடி போயிருக்கும், பாசித் திட்டு பிடித்திருக்கும். தோல்பக்கம்தான் முதுகு, கணுவைச் சீவி மட்டமாக்க வேண்டாம். சடச்சியைக் கோடரிக் காம்புக்குத் தேடி வாங்குவார்கள். அதைக் ‘காட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறேன், அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வருகிற புரோக்கரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மாட்டினால் கட்டை உங்கள் வீட்டில் இருக்கும், அவர் இருக்கமாட்டார். ‘தோடர் வில் மரம்’ என்றும் சிலர் கதை விடுவார்கள். தோடர் சடங்கில் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் வில் சிறு செடிக் குச்சி, அம்பு புல் தண்டு. அது எய்வதற்கானதே அல்ல.

தோட்டத்தில் சாய்ந்த மரத்தை விட்டுவிடுங்கள். மழையில் தரையில் கிடந்த கட்டைக்குள் பூஞ்சை இறங்கியிருக்கும். வெளியே தெரியாது, வளைத்தால் ஒடியும். அதோடு, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் 1955-ம் ஆண்டுச் சட்டப்படி குழு அனுமதி வேண்டும். சட்டம் தேவைதான். ஆனால் கைப்பிடி அளவு கட்டைக்கு மனு, நகல், அலைச்சல் என்று ஆளைச் சுற்றவிட்டால் புரோக்கர் முளைக்காமல் என்ன செய்வான்? சாய்ந்ததை அறுப்பதாக இருந்தாலும் முதலில் வனத்துறையில் எழுதிக் கொடுங்கள்.

பலகை வாங்கியதும் இழைக்க உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு முனைகளிலும் பெயின்ட் பூசி, தரையில் படாமல், காற்றாடும் அறையில் படுக்கவையுங்கள். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதிவைத்து, எடை இறங்குவது நின்றபிறகு தொடங்குங்கள். கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அந்த ஈரத்தில் எடை நின்றாலும் மரம் முழுக்கக் காய்ந்ததாகாது. ஜனவரிக்குப் பிறகு இழைத்தால் கூன் குறையும். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

வில் தயாரானதும் ஒன்று: முதுமலை வழியாக மைசூர் போகும்போது அதைக் காரில் வைக்காதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் வில்லும் அம்பும் ஆயுதம். எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. 15 பவுண்டு, பிள்ளைக்குச் செய்தது என்று செக்போஸ்ட்டில் விளக்கினால் எடுபடாது.