திருகோணமலையில் காலநிலை மாற்றத்தைப் பற்றி ஊர்மக்களோடு எப்படிப் பேசுவது?

கலை, கற்றல், செயல் ஆகியவற்றின் வழியாக ஓர் ஊரைக் காலநிலை மாற்றத்தின்பால் ஈடுபடுத்த எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கரியமில வாயுவின் கணக்கிலிருந்து அல்ல, கண்முன்னே இருக்கும் கடலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பவள உயிரிகள் தமக்கு உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. வெப்பம் தணியாவிட்டால் மடிகின்றன, அவற்றை அண்டி வாழும் மீன்களும் குறைகின்றன. இவ்வளவும் ஒரு கூத்துக்குள் அடங்கும். பவளம் அரசியாகவும் வெப்பம் படையெடுத்து வரும் மன்னனாகவும் வட்டமான கூத்து மேடையாகிய வட்டக்களரியில் ஆடட்டும். பாட்டெழுதும் பொறுப்பைக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரோடு மாணவர்களுக்கும் கொடுங்கள். பாட்டெழுத முனைபவர் காரணகாரியத்தைப் புரிந்துகொண்டே ஆகவேண்டும்.

கற்றலுக்கு நம் கடற்றொழிலாளரே முதல் ஆசிரியர்கள். வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பெயர்சொல்லி அறிந்த மூத்தவர்களின் நினைவுகளைப் பிள்ளைகள் எழுதியெடுத்து, வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப்பதிவுகளோடு ஒப்பிடலாம்.

செயல் என்றதும் பலர் கடலோரச் சேற்றுநிலத்தில் வளரும் கண்டல் (அலையாத்தி) மரங்களின் நடுகைக்கு விரைகிறார்கள். இங்கே பொறுமை தேவை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் நடப்பட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. பொருந்தாத இடமும் நட்டபின் பராமரிப்பின்மையும் அதற்கு முக்கிய காரணங்கள். நடுவதற்கு முன் அவ்விடத்தின் நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் ஓராண்டாவது அளந்து பாருங்கள். அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே நாற்றுகள் தாமாக வந்து ஊன்றும் களப்பு (காயல்) ஓரங்களும் உண்டு.